மஞ்சள் ஃபேஸ், இரவு 7.12

இது நடந்தது. எனக்குக் கதை விடத் தெரியாது. அதற்கு நேரமும் இல்லை.

பேய்க் கதை சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாயைப் பிளந்து கேட்கிறவர்களையும் அவ்வளவாகப் பிடிக்காது. வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், புளியமரம், நாய் ஊளை... செத்துப்போகிறவர்களுக்கு இந்த நாட்டில் வேறு துணியே கிடைக்காதா? அந்த மாதிரி எதையாவது எதிர்பார்த்து வந்திருந்தால் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். இதில் புடவை இல்லை, மரமும் இல்லை. ஒரு மோட்டார் இருக்கிறது. முப்பது எச்.பி.

என் பெயர் எழிலரசி. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். வேலை வேங்கிக்காலில், ஒரு பம்பு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பெரிய மோட்டார்கள் எரிந்துபோனால், ஏன் எரிந்தது என்று பிரித்துப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். பதினொரு வருடமாக இதைத்தான் செய்கிறேன். இதில் நான் கற்றுக்கொண்டது, மோட்டார் பொய் சொல்லாது என்பது. அதைச் சுற்றி நிற்கிற ஆட்கள் எல்லோரும் சொல்வார்கள்.

"தண்ணி இல்லாம ஒரு நிமிஷம்கூட ஓட்டல மேடம்" என்பார்கள். பிரித்தால் பேரிங் கரியாகக் கிடக்கும். "நாங்க தொடவே இல்ல மேடம்" என்பார்கள். உள்ளே யாரோ சுத்தியலால் அடித்த தழும்பு இருக்கும். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கடைசியில் ஒருவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தக் கெணறு ஒரு மாதிரி மேடம்" என்பான். சோம்பேறித்தனத்தை மறைக்கப் பேயைவிடச் சுலபமான ஆள் கிடையாது. அதனால்தான் நம் பக்கத்தில் இத்தனை பேய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அடி அண்ணாமலையிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டரில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். அங்கே ஊருக்கான குடிநீர்க் கிணறு ஒன்று இருக்கிறது. பெரிய கிணறு, எண்பது அடி ஆழம். அதிலிருந்துதான் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும். ஊருக்கும் அதுதான், கிரிவலம் வருகிறவர்களுக்காக அந்தப் பக்கம் வைத்திருக்கும் குழாய்களுக்கும் அதுதான். அந்தக் கிணற்றில் நாலு மாதத்தில் நாலு மோட்டார் எரிந்திருந்தது. மார்கழி, தை, மாசி, பங்குனி. முறை வைத்தது போல மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் பௌர்ணமிக்கு முந்தின நாள்.

நாலாவது மோட்டாரை மேஜையில் போட்டு நானே பிரித்தேன்.

இந்த மோட்டார்களுக்கு மூன்று ஒயரில் கரண்ட் வரும். சிவப்பு, மஞ்சள், நீலம். ஃபேஸ் என்பார்கள். மூன்றில் ஒன்று நின்றுபோனால் மற்ற இரண்டும் மூன்று பேர் வேலையைத் தலையில் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் கருகிவிடும். நான் பிரித்த மோட்டாரில் சிவப்புச் சுருளும் நீலச் சுருளும் கரி. மஞ்சள் மட்டும் அன்றைக்குச் சுற்றியது போலப் பளபளவென்று இருந்தது. பழைய மூன்று மோட்டார்களின் படங்களை எடுத்துப் பார்த்தேன். அவையும் அப்படியே. நாலு தடவையும் மஞ்சள் ஃபேஸ்தான் நின்றிருக்கிறது.

மோட்டாரைக் கொண்டுவந்தவர் அந்த ஊராட்சிச் செயலர், சுரேஷ்குமார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். மோட்டாரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆபரேட்டர் சரியில்ல மேடம். நீங்க அத மட்டும் எழுதிக் குடுத்துடுங்க. ஆள மாத்திடறேன்."

மாற்றிவிட்டு யாரைப் போடுவார் என்று நான் கேட்கவில்லை. அவருடைய மச்சான் இனியன் வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது ஆள். எந்த வேலையிலும் ஒரு மாதம் தங்காதவன் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

"நேர்ல வந்து பாத்துட்டுதான் எழுதுவேன்" என்றேன்.

சித்ரா பௌர்ணமிக்கு முந்தின நாள் போனேன். மாலை மூன்று மணி.

ஆபரேட்டர் பெயர் காசி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, காக்கிச் சட்டை. பத்தொன்பது வருடமாக அந்த ஊருக்குத் தண்ணீர் விடுகிறவர். வேறு வேலை தெரியாது. நான் எழுதுகிற ரிப்போர்ட்டில்தான் அவர் பிழைப்பு இருக்கிறது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. வண்டியை விட்டு இறங்குவதற்குள் ஓடிவந்து என் கருவிப் பையை வாங்கிக்கொண்டார்.

கிணற்றின் ஓரத்திலேயே மோட்டார் ரூம். ஸ்டார்ட்டர் மேல் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கின. பெட்டி முழுக்க மஞ்சள், குங்குமம், கற்பூரக் கரி. முப்பது எச்.பி. மோட்டாருக்கு ஒரு எலுமிச்சம்பழம் காவல்! உண்மையில் காவல் இருக்க வேண்டிய கருவி சுவரில் ஒயர் அறுந்து, ஒட்டடை பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பெயர் பிரிவென்டர். ஒரு ஃபேஸ் நின்றால் உடனே மோட்டாரை நிறுத்திவிடும்.

"இது ஏன் கழட்டி விட்டிருக்கு?"

"அது அடிக்கடி ஆஃப் பண்ணிடுதுனு எலக்ட்ரீஷியன் டைரக்ட் பண்ணிட்டாரு மேடம்."

டைரக்ட், அதாவது காவல் கருவியை விலக்கிவிட்டு ஒயரை நேராக இணைப்பது. இந்த ஒரு வார்த்தையில்தான் நம் ஜில்லா ஓடுகிறது. ஆபத்து வருகிறது என்று ஒரு கருவி கத்தினால், ஆபத்தை யாரும் தேடுவதில்லை. கருவியின் கழுத்தை நெரித்துவிடுகிறார்கள்.

"நாலு மோட்டாரும் நீங்க இருக்கும்போதுதான எரிஞ்சது?" என்று கேட்டேன்.

"ஆமாங்க மேடம்." கிணற்றைத் திரும்பிப் பார்த்தார். "மொதல்ல சத்தம் வரும். கெணத்துக்குள்ளருந்து பைப்ப தட்டுவாங்க. மூணு தட்டு. அப்புறம்தான் மோட்டார் மொனகும்."

"யாரு தட்டுவாங்க?"

"தெரியல மேடம். எட்டிப் பாத்தா யாரும் இல்ல."

"எத்தன மணிக்கு?"

"ஏழு பன்னெண்டு. நாலு வாட்டியும் ஏழு பன்னெண்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவும் இல்லை, முகத்துக்கு நேராகவே சிரித்தேன். பேய்க்குக் கைக்கடிகாரம் வேறு.

அவர் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். எண்பது அடி கீழே ஆள் இறங்கினால் கூப்பிட்டால் கேட்காது. போனும் எடுக்காது. அதனால் அந்த ஊரில் கிணற்று வேலை செய்கிறவர்கள் பைப்பைத் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். கீழே இருக்கிறவர் ஸ்பேனரால் மூன்று தட்டினால், கரண்டை நிறுத்து என்று அர்த்தம். மேலே இருக்கிறவர் மோட்டாரை நிறுத்தி, மூன்று ஃபியூஸையும் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பதிலுக்கு மூன்று தட்ட வேண்டும். நிறுத்திவிட்டேன், இனிமேல் கை வைக்கலாம் என்று அர்த்தம். அந்தப் பதில் வராமல் கீழே இருக்கிறவர் எதையும் தொடமாட்டார்.

"அதான் மேடம், அந்தச் சத்தம் வந்தா எனக்குத் திக்குனு ஆயிடும். பதில் தட்டவே மாட்டேன்."

நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. குறித்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது?

வேலையைப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மரில் மூன்று ஃபேஸும் சரி. கேபிள் சரி. ஃபியூஸ் மூன்றும் சரி. ஸ்டார்ட்டருக்குள் தேய்மானம் ஜாஸ்தி இல்லை. முந்தின நாள் இறக்கியிருந்த புது மோட்டாரும் சரி. குறை சொல்ல எதுவும் இல்லை. அப்படியென்றால் பாக்கி இருப்பது ஆள்தான். நம் பக்கத்தில் சில பேர் ஒரு ஃபேஸ் இல்லாதபோது கண்டென்சர் என்று ஒரு டப்பாவை மாட்டி இரண்டு ஃபேஸிலேயே மோட்டாரை ஓட்டுவார்கள். இவரும் அதைச் செய்கிறார் என்று முடிவு கட்டினேன். ரூம் முழுக்கத் தேடினேன். டப்பா கிடைக்கவில்லை. ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். முடிவு கட்டிவிட்டுத் தேடுவது மற்றவர்களுடைய பழக்கம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

புதுப் பிரிவென்டர் ஒன்றை நானே மாட்டினேன். மூன்று ஒயரிலும் கரண்டை அளந்து பதிவு செய்யும் ரெக்கார்டர் ஒன்றையும் மாட்டி, அதன் திரை வாசலிலிருந்து தெரிகிற மாதிரி வைத்தேன். மறுநாள் லட்சக்கணக்கில் ஜனம் மலையைச் சுற்றும். தொட்டி நிரம்பியே ஆக வேண்டும். அன்றைக்குத் தண்ணீர் ஏற்றுகிற முறை மாலை ஆறு மணிக்கு மேல்தான். நானே உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். காசியை என் கண்ணை விட்டு நகரவிடக் கூடாது.

மாலை 6.05. மோட்டாரைப் போட்டார். சிவப்பு 42 ஆம்பியர். மஞ்சள் 42. நீலம் 42. வெண்ணெய் போல ஓடியது.

6.30. இருட்டிக்கொண்டு வந்தது. ரூமுக்குள் ஒரே ஒரு பல்பு. வாசலுக்கு வெளியே, என் கைக்கு எட்டுகிற தூரத்தில், கிணற்றிலிருந்து ஏறி வரும் இரும்பு பைப். காசி அதிலிருந்து பத்தடி தள்ளி நின்றார். பக்கத்தில் வரச் சொன்னேன். வரவில்லை.

6.48. தவளைச் சத்தம் நின்றது. மோட்டார் சத்தத்தில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியவில்லை. நின்றபோதுதான் தெரிந்தது.

7.01. கிர்க்.

கிணற்றுக்குள் இறங்க ஓர் இரும்பு ஏணி உண்டு. சத்தம் அதன் முதல் படியிலிருந்து வந்தது. யாரோ எடையை வைத்தால் வருகிற சத்தம்.

கிர்க்... இரண்டாவது படி.

டார்ச்சை அடித்தேன். ஏணியில் யாரும் இல்லை. துரு, ஒட்டடை, பழைய கயிறு. எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். வெளிச்சம் தண்ணீர்வரை போனது. தண்ணீர் மோட்டார் இழுப்பில் சுழன்றுகொண்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

கிர்க்.

இரும்பு வெயிலில் காய்ந்து இரவில் சுருங்கும்போது இப்படிச் சத்தம் போடும். எனக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன். ஆனால் அது ஒரே சீராக, மேலிருந்து கீழே, ஒரு படிகூட விடாமல் இறங்குமா என்று எனக்குத் தெரியாது. எண்ணினேன். சும்மாதான் எண்ணினேன். கடைசிப் படி எழுபத்தி ஒன்று.

பிறகு நின்றது.

காசியைப் பார்த்தேன். அங்கேயேதான் நின்றிருந்தார். இரண்டு கையும் என் கண் முன்னால் இருந்தது.

7.08. நீர்மட்டம் சரி. கரண்ட் 42. 42. 42.

7.10. 42. 42. 42.

"மேடம்... பைப்கிட்டருந்து இந்தப் பக்கம் வந்துடுங்க."

"பேசாம இருங்க."

7.12.

டங்.

டங்.

...

டங்.

பைப்பில்தான் வந்தது. உள்ளே இருந்துதான். கையை வைத்திருந்தேன். உள்ளங்கையில் அதிர்ந்தது.

எனக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம் வந்தது. சுரேஷ்குமார் யாரையோ கிணற்றுப் பொந்துக்குள் உட்கார வைத்திருக்கிறார் என்று தோன்றியது. என்னையே முட்டாளாக்கப் பார்க்கிறார்களா? பையிலிருந்த ஸ்பேனரை எடுத்தேன். உன் விளையாட்டு எனக்கும் தெரியும் என்று காட்ட வேண்டும் போலிருந்தது.

டங். டங். டங்.

நான் தட்டினேன்.

"ஐயோ மேடம்!" காசி கத்தினார். "மோட்டார் ஓடுது மேடம்! கரண்ட் இருக்குது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் என்ன சொன்னேன் என்று. கீழே யாருக்கோ, கை வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

திரையைப் பார்த்தேன்.

சிவப்பு 74.

நீலம் 74.

மஞ்சள் 0.

மோட்டார் முனகியது. மாடு அடிவயிற்றிலிருந்து கத்துகிற மாதிரி. பைப் உதறியது. பிறகு பிரிவென்டர் 'டக்' என்று விழுந்தது.

நிசப்தம்.

எண்பது அடி கீழே...

தொப்.

டார்ச்சை அடித்தேன். மோட்டார் நின்றுவிட்டதால் தண்ணீர் சுழல்வதும் நிற்கத் தொடங்கியிருந்தது. ஏணிக்குக் கீழே ஓரிடத்திலிருந்து மட்டும் வட்டம் வட்டமாக அலை விரிந்தது. ஒருவர் விழுந்தால் வருகிற அளவு.

யாரும் இல்லை.

யாரும் மேலே வரவும் இல்லை.

பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றேன். தண்ணீர் கண்ணாடி போல அமைதியானது. தவளை மறுபடி கத்தத் தொடங்கியது. உள்ளே போய் ஃபியூஸ்களைத் தொட்டுப் பார்த்தேன். சிவப்பும் நீலமும் சுட்டன. மஞ்சளும் அதன் இடத்தில்தான் இருந்தது, கம்பி அறுபடவில்லை. ஆனால் ஜில்லென்று இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் ஓடிய ஃபியூஸ் அது. வெகுநேரம் முன்பே யாரோ பிடுங்கி வெளியே வைத்திருந்தது போல இருந்தது.

காசி தரையில் உட்கார்ந்திருந்தார்.

"மேடம்... அது என் தட்டு."

"என்ன?"

"ரெண்டு தட்டிட்டு, கொஞ்சம் நிறுத்தி, மூணாவது தட்டுவேன். ஒத்தக் கையில ஏணியப் புடிச்சிக்கினு தட்டுறதால அப்படி. எங்க ஆளுங்கள்ல வேற யாரும் அப்படித் தட்ட மாட்டாங்க. இத்தன நாளா எனக்கே வெளங்கல. இன்னிக்கி நீங்க விடாம தட்டுனீங்க பாருங்க, அப்பத்தான் வித்தியாசம் தெரிஞ்சுது."

"நீங்கதான் இங்க நிக்கிறீங்களே!"

"அதான் மேடம்."

அவர்மேல் எரிந்து விழுந்தேன். பயந்தவர்கள் செய்கிற காரியம் அது, தெரியும். 7.40-க்கு மோட்டாரை மறுபடி போட்டோம். ஒரு தொந்தரவும் இல்லை. பத்தேகால்வரை ஓடித் தொட்டி நிரம்பியது. மறுநாள் அந்தத் தண்ணீரை எத்தனையோ ஆயிரம் பேர் குடித்துவிட்டு மலையைச் சுற்றினார்கள்.

கிளம்பும்போது காசி பையை வண்டியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

"நான் தொடலனு நீங்களே பாத்தீங்க மேடம். பாத்தத மட்டும் எழுதுங்க. வேற எதுவும் வேணாம்."

"எழுதுறேன்" என்றேன்.

வேங்கிக்காலுக்கு வந்து ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். காரணம் என்ற கட்டத்துக்கு எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்ன எழுதுவது? கிணற்றுக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள் என்றா? பதினொரு வருடமாக யாரைப் பார்த்துச் சிரித்தேனோ, அவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். காரணம் தெரியவில்லை என்று எழுதியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால் எனக்குத் தெரியவில்லை என்று நான் எழுதியதே இல்லை. அந்தத் திமிர் என்னை விடவில்லை. அன்று நான் பக்கத்தில் இருந்தேன், அதனால் அவர் ஒழுங்காக இருந்தார், மோட்டாரும் பிழைத்தது என்று ஒரு நியாயத்தை ஜோடித்துக்கொண்டேன். அது பொய் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும்.

காரணம்: இயக்குபவரின் கவனக்குறைவு.

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். சுரேஷ்குமார் இரண்டு போனிலிருந்தும் நன்றி சொன்னார்.

அதற்குப் பிறகு அந்த ஊர் நினைப்பு வராமல் பார்த்துக்கொண்டேன். ஆடி மாதம் அந்த மோட்டாருக்குச் சர்வீஸ் நாள் வந்தது. வேறு ஆள் இல்லை, நான்தான் போனேன். பகல் பதினொரு மணி. நல்ல வெயில். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

ரூம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இனியன் போன் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். உள்ளே எட்டிப் பார்த்தேன். நான் மாட்டிய பிரிவென்டர் கழற்றிச் சுவரோரமாகக் கிடந்தது. ஸ்டார்ட்டரின் சிவப்பு பட்டனை அழுத்தினேன். மோட்டார் நிற்கவில்லை.

"அது தொல்லையா இருந்துச்சினு எல்லாத்தயும் டைரக்ட் பண்ணிட்டோம் மேடம். நிறுத்தணும்னா ஃபியூஸ புடுங்கிக்குவோம்."

"காசி எங்க?"

தலையைச் சொறிந்தான்.

"தவறிட்டாரு மேடம். வைகாசியில. பௌர்ணமிக்கு மொத நாளு. மோட்டாருல துணி அடைச்சிக்குச்சி. எனக்குக் கெணத்துல எறங்கிப் பழக்கம் இல்ல. அவரத்தான் கூப்ட்டோம். வேலைய விட்டு எடுத்தாலும் வந்தாரு, பாவம்."

"எப்படி?"

"அவரே சொல்லிட்டுதான் எறங்குனாரு. மூணு தட்டுனா கரண்ட எடு, எடுத்துட்டு மூணு தட்டுனு. ஏழு பன்னெண்டுக்குள்ள மேல வந்துடணும்னு வேற அவசரப்பட்டாரு. எதுக்குனு தெரியல. அவரு தட்டுனாரு, நான் ஃபியூஸ புடுங்கிட்டு பதில் தட்டுனேன். கேபிள் ஜாயின்ட்டுல கை பட்டுடுச்சி. எம்மேல தப்பு இல்ல மேடம். நான் புடுங்கிட்டுதான் தட்டுனேன்."

"மூணு ஃபியூஸையும் புடுங்குனியா?"

"நடுவுல இருக்கறது ஒண்ண மட்டும். மோட்டார் மொனகி நின்னுடுச்சே மேடம். நின்னா கரண்ட் இல்லனுதான அர்த்தம்?"

நடுவில் இருப்பது மஞ்சள். சிவப்பிலும் நீலத்திலும் கரண்ட் அப்படியே இருந்திருக்கும்.

நேரம் கேட்டேன். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டதைத் தேடி எடுத்துக் காட்டினான். 7.14.

"அதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி இருக்கும் மேடம்."

கிணற்றைப் பார்த்தேன். பிறகு, பதினொரு வருடத்தில் எந்த ஊரிலும் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

"அவருக்கு முன்னாடி இந்தக் கெணத்துல யாராவது செத்திருக்காங்களா?"

"சேச்சே. கெணறு வெட்டுனதுலருந்து யாரும் இல்ல மேடம். இவருதான் மொத ஆளு."

மோட்டார் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. இனியன் அதைக் கையால் காட்டிச் சிரித்தான்.

"மாமாகூட சொல்வாரு மேடம், நீங்க எழுதிக் குடுத்தது கரெக்ட்டுனு. அவரு போனதுலருந்து மோட்டார் ஒரு நாள்கூட எரியல."